மருதாசலம் உபயம்

மில்லில் கணக்கு முடித்து, பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் பேங்கில் ஏறி, ஏறிய வேகத்திலேயே மகள் கல்யாணக் கடனுக்கும் மகன் படிப்புக் கடனுக்கும் குடியிருந்த மில் லைன் வீட்டைச் சொந்தமாக எழுதி வாங்குவதற்கும் இறங்கிப் போன அந்த வாரத்தில், ஒரு காலை வேளையில், மருதாசலத்தின் வீட்டு வாசலில் மில் லாரி வந்து நின்றது. பஞ்சுப் பொதி மாதிரி இரும்புப் பட்டை கட்டிய பேல் ஒன்றை ஆட்கள் புரட்டிப் புரட்டி இறக்கி, நிலையில் இடித்து, சுவரில் கொஞ்சம் காரையைப் பெயர்த்து, முன்னறையில் கொண்டுவந்து போட்டார்கள்.

"இதென்னப்பா? நானு பஞ்சு ஒண்ணும் கேக்கலியே?" என்றார் மருதாசலம்.

"பஞ்சில்லீங்ணா, உங்க தூக்கம்," என்றான் டிரைவர். "இத்தனை வருசம் முழு நைட்டு பார்த்தீங்கல்ல, அதுல மாசாமாசம் பிடிச்சு வெச்சது. வட்டியும் சேர்ந்திருக்குதாம். ஒரு கையெழுத்துப் போடுங்க, அடுத்த லோடுக்குப் போகோணும்."

மருதாசலம் கையெழுத்துப் போட்டார். டிரைவருக்கு அவர் சம்சாரம் ருக்குமணி ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். லாரி போய்விட்டது.

ஊரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. மில்காரன் எதைத்தான் பிடிக்கவில்லை? லேட்டானால் பிடித்தான், லீவு போட்டால் பிடித்தான், கேண்டீன் டீக்குப் பிடித்தான். தூக்கத்தையும் பிடித்திருப்பான், பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தான் பாரு, அதைச் சொல்லு என்று லைன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்றுதான் கொஞ்ச நாள் சலசலப்பு. தொழிற்சங்கத்துத் திருமூர்த்தி ஆபீசுக்கே போய் விசாரித்துவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். "நாமெல்லாம் அட்வான்ஸா எடுத்துட்டமாமப்பா. குடோனுக்குள்ள பஞ்சு மூட்டை மேல மாத்தி மாத்திப் படுத்து எந்திரிச்சமே, அதையெல்லாம் கழிச்சுட்டானுக. இந்த மருதாசலம்தான் கிறுக்கன் மாதிரி ஒரு நாளும் கண்ணசராம நின்னான். நின்னவனுக்கு வந்திருக்குது, போங்க," என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்கிற மூஞ்சி யாருக்கும் இல்லை.

அவர் நின்றது உண்மைதான். ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற வேலை. நீளமான மிஷினின் ஒரு பக்கம் முழுக்க நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையைக் கண்டு ஒட்டி, அடுத்தது அறுவதற்குள் அங்கே போய் ஒட்டி, திரும்பி வந்து முதலில் ஒட்டியதைப் பார்க்க வேண்டும். மீசை முளைக்கும் முன்னே உள்ளே போனவர் நரைத்த பிறகு வெளியே வந்தார். நடுவில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டதில் உடம்புக்கு இது ராத்திரியா பகலா என்பதே மறந்து போயிருந்தது. ரிட்டையர்டு ஆனால் தூங்கலாம், ரிட்டையர்டு ஆனால் தூங்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, ஆன பிறகும் தூக்கம் வரவில்லை. கண்ணில் மணல் விழுந்த மாதிரி அறுத்துக்கொண்டு, எந்நேரமும் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி இருந்தார். அப்படியொரு அலுப்பு. எலும்புக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு. வேறு ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நகை வேண்டாம், நிலம் வேண்டாம், காசி ராமேஸ்வரம் வேண்டாம், படுத்தால் தூக்கம் வந்தால் போதும்.

ருக்குமணிதான் பேலின் ஓரத்தைக் கிழித்து ஒரு கைப்பிடி எடுத்துப் பழைய தலையணை உறையில் அடைத்துக் கொடுத்தாள். மத்தியானச் சோறு உண்டுவிட்டு அதில் தலையை வைத்தவர், மறுநாள் பால்காரன் மணி அடிக்கும்போதுதான் எழுந்தார். எழுந்து வாசலில் நின்று வெயிலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். எல்லாமே கழுவி வைத்த மாதிரி இருந்தது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் அம்மிணி, இப்பிடித்தான் எல்லாரும் தெனமும் எந்திரிக்கறாங்களா?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியுது," என்றாள் ருக்குமணி, பாலை அடுப்பில் வைத்துக்கொண்டே.

அந்த வாரத்திலேயே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுகிறது, ஒரு கைப்பிடி கொடுங்கள் என்றார்கள், கொடுத்தார். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு, மூட்டு வலிக்காரருக்கு, பிள்ளையைப் பறிகொடுத்து வருஷம் திரும்பியும் கண் மூடாத தாய்க்கு என்று கேட்டு வந்தவர்களுக்கும் கொடுத்தார். சிலர் ஒண்ணாந்தேதி திருப்பித் தருகிறேன் என்று வாங்கிப் போனார்கள். தூங்கிவிட்டதை எப்படித் திருப்பித் தருவான், மனுசன்? பேங்கு மேனேஜர் வந்து பேலைத் தடவிப் பார்த்து, டெபாசிட்டாக எடுக்க விதி இடம் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டு, ஒரு சிட்டிகை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். கோயில் கமிட்டிக்காரர்கள் மார்கழி முழுக்க அர்ச்சகருக்கு அதிகாலைப் பூசை என்று ரசீது புத்தகத்தோடு வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு பொட்டணம். ஆனாலும் அந்த நாட்களில் மருதாசலம் நன்றாகத்தான் தூங்கினார். கொடுப்பதும் தூங்குவதுமாக நாள் போனது.

மகன் தினகரன் பெங்களூரிலிருந்து வந்து பேலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். அவனும் ராத்திரி வேலைக்காரன்தான். கம்பெனி ஏசி, நாற்காலி சுற்றுகிற நாற்காலி, ஆனால் அமெரிக்காவில் விடியும்போது இவன் முழித்திருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே அப்பனுக்கு இருக்கிற அதே கறுப்பு.

"ஏனுங்ப்பா, வர்றவனுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தா என்னத்துக்காகும்? உங்குளுக்கு அப்பறம் எங்குளுக்கு வேண்டாமா? ஒரு கணக்கு வேண்டாமா? உயில் எழுதுங்க."

"நானு செத்தப்பறம் தூங்கறதுக்கு எனக்கெதுக்குடா தூக்கம்? நீங்கதான் எடுத்துக்குவீங்க," என்றார் மருதாசலம். ஆனாலும் மகன் கண்ணைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. வக்கீல் சிவசாமியிடம் போனார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூக்கம் அசையும் சொத்து, ஆகவே பிரச்சினை ஒன்றுமில்லை என்று முடிவு சொல்லி, மகளுக்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு, மிச்சம் மருதாசலத்தின் ஆயுசு வரைக்கும் அவருக்கு, என்று எழுதப் போனார்.

"தர்மத்துக்கு ஒரு பங்கு வெச்சிருங்க," என்றார் மருதாசலம். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு. நோயாளிகளுக்கில்ல, கூட இருக்கறவங்களுக்கு."

கூட வேலை பார்த்த ஒருத்தரைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் அவர் கண்டது அது. கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே, வராந்தாவில், மாடிப்படியில், குழாயடியில் துணைக்கு வந்தவர்கள். சுவரில் சாய்ந்து, முழங்காலில் தலை வைத்து, தூங்கி விழுந்து விழுந்து முழித்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் ஓட்டாமலேயே முழு நைட்டு பார்க்கிற சனம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. உயிர் போன பிறகு கொடுப்பானேன், அந்தப் பங்கை இப்போதே கொடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்.

தினகரன் அதற்குச் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு. "பேரு போட்டுக் குடுங்கப்பா. கோயில் டியூப்லைட்டுல பாருங்க, வெளிச்சமே வராத அளவுக்கு உபயம் உபயம்னு எழுதி வெச்சிருக்கறான். பெஞ்சுல எழுதறான், தண்ணித் தொட்டியில எழுதறான், குடத்துல வெட்டறான். நம்ம தாத்தன் பேரு எங்கியாச்சும் இருக்குதா? உங்க பேரு? ஆயுசு பூரா உழைச்சதுக்கு மில்லுல உங்களை டோக்கன் நம்பரு சொல்லித்தான கூப்புட்டானுக?"

மருதாசலத்துக்கும் உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் தன் பெயரை எழுதி அவரே பார்த்ததில்லை.

ருக்குமணி சின்னச் சின்ன உறைகளாகத் தைத்தாள். மருதாசலம் பஞ்சை அடைத்தார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் தினகரன் நீலச் சாயத்தில், நல்ல கையெழுத்தில், 'மருதாசலம் உபயம்' என்று எழுதினான். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகக் கொடுத்துவிட்டு, உயிலையும் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்துவிட்டு, அப்பனும் மகனும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். தினகரன் ஊருக்குப் போனான்.

அன்றைக்கிலிருந்து மருதாசலத்துக்குத் தூக்கம் போச்சு.

தலையணையை மாற்றினார். பேலின் மேலேயே ஏறிப் படுத்தார். கண் மூடும், மூடிய மறுகணம் யாரோ தோளைத் தொட்ட மாதிரி முழிப்புத் தட்டும். தட்டினால் தட்டினதுதான். ஒரு சைடு முழுக்க அவர் பொறுப்பில் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி, எங்கோ ஒரு இழை அறுந்துகொண்டிருக்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்னே கண்ணில் மட்டும் இருந்த மணல் இப்போது உடம்பெல்லாம் பரவியது. சோறு இறங்கவில்லை. பேசினால் பாதி வார்த்தையில் என்ன பேச வந்தோம் என்று மறந்தது. வீட்டு நடுவில் மலை மாதிரி தூக்கத்தை வைத்துக்கொண்டு, ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் ஒரு மனிதன் தேய்ந்துகொண்டு வந்தான். லைனில் இருப்பவர்கள் இதையும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பணக்காரர்களுக்கெல்லாம் அப்படித்தான் ஆகும் என்றார்கள்.

ருக்குமணிதான் யோசித்துக் கண்டுபிடித்தாள். "ஏனுங்க, பக்கத்து வூட்டுக்குக் குடுத்தீங்க, கோயிலுக்குக் குடுத்தீங்க, அப்பெல்லாம் நல்லாத்தான தூங்குனீங்க? பேரெழுதிக் குடுத்ததுலருந்துதான் இந்தக் கோளாறு. பேரைப் போட்டா ஆளைக் கூப்புட்ட மாதிரிதான. கூப்புட்டுக்கிட்டே இருந்தா எப்பிடித் தூங்குவீங்க?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"பேரில்லாத உறையாத் தெச்சுத் தர்றேன். கொண்டுபோயி மாத்திப் போட்டுட்டு வாங்க. பேரு என்னத்துக்கு நமக்கு?"

அவள் தைத்துக் கொடுத்த வெள்ளை உறைகளைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மத்தியானப் பார்வையாளர் நேரத்தில் மருதாசலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவரைப் பார்த்ததும் காலை ஒதுக்கி வழிவிட்டு, "வாங்க, வாங்க, இன்னிக்குப் பகல்லயே வந்துட்டீங்களாக்கும்?" என்றார். உள்ளே இன்னொருத்தி, "அண்ணனுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடு கண்ணு," என்று மகளிடம் சொன்னாள். யாரும் திகைக்கவில்லை, தினமும் வருகிற ஆளைப் பார்ப்பது போல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மருதாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவன் அசையாமல் கிடந்தான். கீழே அவன் சம்சாரம் பூவாத்தா, நீல எழுத்துப் போட்ட பொட்டணத்தைத் தலைக்கு வைத்து நல்ல உறக்கத்தில் இருந்தாள். அவர் குனிந்து உறையைத் தொட்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அட, நீங்களாங்ணா? சலைன் தீரப்போகுதுங்களா?"

"இல்லம்மிணி. உன்னை நானு இப்பத்தான் பார்க்கறேன். என்னை எப்பிடித் தெரியும் உனக்கு?"

பூவாத்தா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னுங்ணா இப்பிடிக் கேக்கறீங்க? தெனமும் இதுல தலையை வெச்சாக் கனவுல வர்றீங்க. இங்க இப்பிடி ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவீங்க. இவரைப் பார்ப்பீங்க, அந்தக் கட்டலைப் பார்ப்பீங்க, எந்திரிச்சு நடந்து போயி அந்தக் கடைசிக் கட்டலைப் பார்ப்பீங்க. மறுக்கா இங்க வருவீங்க. சலைன் தீர்ற நேரத்துக்கு 'அம்மிணி, எந்திரி'ன்னு ஒரு கொரல் குடுப்பீங்க. எந்திரிச்சுப் போயி நர்சம்மாவைக் கூட்டியாருவேன்."

மருதாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்குளுக்குத் தூக்கம் வராமயா முழிச்சிருந்தோம்?" என்றாள் பூவாத்தா. "கண்ணைச் செருகிக்கிட்டு வருமுங்க. மூடுனா இந்த மனுசனுக்கு மூச்சு நின்னுருமோன்னு பயம். வந்தன்னிக்கிருந்து அந்தப் பயத்துலயே உக்காந்திருந்தேன். இப்ப நீங்க பார்த்துக்குவீங்கன்னு தெரியுதுல்ல, அதான் படுக்கறேன். மகராசனா இருக்கோணும் நீங்க." சொல்லிவிட்டு, அவருடைய பையைப் பார்த்து, "அதென்னுங்ணா, புது உறையா? மாத்தோணுங்களா?" என்று பொட்டணத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த நீல எழுத்தைப் பார்த்தார். இதை உருவி எடுத்து வெள்ளை உறையைப் போட்டுவிட்டால் இன்றைக்கே, இதோ பஸ்ஸில் போகும்போதே தூங்கிவிடலாம். அந்த நினைப்பிலேயே அவருக்குக் கொட்டாவி வந்தது. வேண்டும், வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் மில்லில் ஒரு சட்டம் உண்டு, மிஷினை நிறுத்தாமல் ஓட்டுகிற எல்லா மில்லிலும் உள்ள சட்டம்: சங்கு ஊதினாலும் சரி, மாத்து ஆள் வந்து சைடை வாங்கிக்கொள்ளாமல் யாரும் நகரக்கூடாது. வராவிட்டால் அடுத்த ஷிப்டையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். இங்கே மாத்து ஆள் யார் இருக்கிறார்கள்?

"இல்லம்மிணி, இதே இருக்கட்டும்," என்று பொட்டணத்தைத் தட்டி அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தார். "நீ படு."

வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டினார். அது போனபோது இருந்த கனத்திலேயே இருந்தது. ருக்குமணி பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் பேலில் சாய்ந்து உட்கார்ந்து, பூவாத்தா சொன்னது எல்லாவற்றையும் சொன்னார், நடு நடுவே விட்டுப்போய், மறுபடி பிடித்து. "இனி எனக்குத் தூக்கமில்ல அம்மிணி. இருக்கற வரைக்கும் முழு நைட்டுதான். போச்சாது போ, பரவால்ல," என்று முடித்தார்.

ருக்குமணி முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்தாள். பிறகு சொன்னாள்: "பொட்டணத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குதுல்லீங்க. ஒரு பக்கம் உங்க பேரு. திருப்பிப் போட்டா மறுபக்கம் வெறுமையாத்தான கெடக்குது? அதுல என்ர பேரை எழுதுங்க. பாதி நேரம் உங்க பக்கம், பாதி நேரம் என்ர பக்கம். நானு மாத்து வர்றேன்."

"நீயா? உனக்கு முழிச்சுப் பழக்கமில்லயே அம்மிணி."

அதைக் கேட்டதும் ருக்குமணிக்கு வந்ததே கோபம். கையில் இருந்த முறத்தைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"பழக்கமில்லயா? அரை நைட்டு முடிஞ்சு வந்து கதவைத் தட்டுனா யாருங்க தொறந்தது? வெடியங்காட்டி ஷிப்டுக்குப் போறப்ப யாரு எந்திரிச்சுச் சோறாக்கித் தூக்குல போட்டது? முழு நைட்டுன்னா சங்கு ஊதற வரைக்கும், உங்குளுக்குக் கையி மிஷின்ல மாட்டுச்சோ என்னமோன்னு யாரு உக்காந்துட்டு இருந்தது? நீங்க தூங்குற பகல்ல சத்தம் வராம ரெண்டு புள்ளைகளை வாயைப் பொத்தி வளத்தது யாரு? உயில் எழுதுனீங்க. மகன் இருக்கறான், மகள் இருக்கறா, ஆஸ்பத்திரி இருக்குது. என்ர பேரு எங்கீங்க? இந்தப் பேல்ல பாதி என்ரது. மில்காரனுக்குத் தெரியாது, சரி. உங்குளுக்குமா தெரியாது?"

மருதாசலத்துக்குத் தலை தானாகக் குனிந்தது. வெட்கமாக இருந்தது. இத்தனை பேருக்கு அள்ளிக் கொடுத்த கைக்கு அவள் பக்கம் நீளத் தோன்றவில்லையே என்று நினைத்தார். எழுந்து, பேலில் இருந்து ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று பிய்த்து, அவள் தைத்த வெள்ளை உறை ஒன்றில் அடைத்து அவளிடம் நீட்டினார்.

"மாத்துக்கு அப்பறம் வா அம்மிணி. மொதல்ல நீ தூங்கு."

"கொஞ்ச நேரந்தான்," என்றாள் ருக்குமணி. கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. "சாயங்காலம் ஆஸ்பத்திரி பஸ்ஸு வரும். அதுக்கு எழுப்பி உடுங்க, போயி என்ர பேரை எழுதிட்டு வந்தரலாம். அப்பறம் நீங்க படுங்க."

அவள் பாயை விரித்துத் தலையைச் சாய்த்தாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் தூங்கிப்போனாள்.

மருதாசலம் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் எரிந்தது. ருக்குமணியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கிற சுருக்கம் இல்லை; அது சுருக்கமே இல்லை போலிருக்கிறது, முழித்திருந்ததுதான் போலிருக்கிறது. ஒரு கை, எதையோ பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்ட மாதிரி, விரிந்து கிடந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கதவைத் தட்டியபோதெல்லாம் அவள் முழித்திருந்தாள், அவர் கண் விழித்தபோதெல்லாம் அவள் அடுப்படியில் இருந்தாள். அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

வெயில் இறங்கியது. தெருமுனையில் ஆஸ்பத்திரி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது.

அவர் அவளை எழுப்பவில்லை.